நாப்பத்தொண்ணாம் மரம்

ஒரு மலைல ஒரு காது இருந்துச்சாம். அந்தக் காதுக்குச் சொந்தக்காரன் பேரு சடையன். ம் கொட்டு, அப்பதான் மேல சொல்லுவேன்.

"ம்."

அவனுக்கு வேலை என்னன்னா, மரத்தைத் தட்டிப் பாக்கறது. மார்கழி பொறந்ததும் காட்டுக்கு உடம்பு எப்படியிருக்குன்னு பாக்க, இளமதின்னு ஒரு மேடம் வருவாங்க. ரெண்டு பேரும் அரிசி, பருப்பு, தார்ப்பாய் எல்லாம் தூக்கிக்கிட்டு, ரோடு முடிஞ்ச எடத்துலருந்து ரெண்டு நாள் நடப்பாங்க. அங்க அறுபது மரத்துல தகரத்துல நம்பர் அடிச்சிருக்கும். சடையன் கட்டையால ஒவ்வொண்ணா தட்டுவான். கெட்டி மரம் 'டக்'குன்னு சொல்லும். உள்ள உளுத்த மரம் 'தொம்'முன்னு சொல்லும். அந்தக் காது தப்பாச் சொன்னதே இல்ல.

அப்புறம், நாப்பது மரம் தாண்டினா ஒரு பெரிய பள்ளம். அடியில ஆறு ஹோ...ன்னு எரைஞ்சுக்கிட்டு ஓடும். மேடம் இந்தப் பக்கம் பாறைல நோட்டோட உக்காந்துக்குவாங்க. இவன் மட்டும் எறங்கி அந்தப் பக்கம் ஏறுவான். மரத்துக்கு மரம் தட்டிட்டுக் கத்துவான். "கெட்டி!"ன்னா நல்ல மரம், "பொக்கு!"ன்னா கெட்ட மரம். மரம் மறைக்கறதால அவன் மேடத்துக்குத் தெரியமாட்டான், ஆத்து எரைச்சல்ல தட்டுறதும் கேக்காது. கத்துறது மட்டுந்தான் கேக்கும். அதை அப்படியே எழுதிக்குவாங்க.

"ம்."

அந்தப் பக்கத்து மொத மரம் நாப்பத்தொண்ணு. செங்குத்தான மேட்டு மேல நிக்கும். அதுல ஒரு பொந்து. பொந்துல இருவாச்சிப் பறவை குடித்தனம். தை பொறந்தா பொண்டாட்டிப் பறவை உள்ள போயி, வாசலைப் பூசி மூடிக்கும். சின்னதா ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். குஞ்சு பெருசாகிற வரைக்கும் வெளிய வராது. புருசன்தான் பழம் கொண்டாந்து ஊட்டணும். அந்த மரம் கெட்டுப்போச்சுன்னு முன்னாடியே தெரிஞ்சா, பக்கத்து மரத்துல பலகைப் பொட்டி கட்டி வைப்பாங்க. பறவை அதுல குடி வந்துரும்.

மொத வருசம் சடையன் ஏறினான். கிளையில ஜோடி உக்காந்திருந்துச்சு. 'தட்டினா பயந்துரும், பாவம்'னு கட்டையை எறக்கிட்டான். "கெட்டி!"

ரெண்டாம் வருசம் நசநசன்னு மழை. காலெல்லாம் அட்டை. கீழ நின்னே அண்ணாந்து பாத்தான். எலை பச்சையாத்தான் இருந்துச்சு. "கெட்டி!"

மூணாம் வருசம் மழையும் இல்ல, பறவையும் இல்ல. முட்டி வலிச்சுது, அவ்வளவுதான். பள்ளத்துலயே உக்காந்து பீடி பத்த வச்சான்.

"சடையண்ணே, நாப்பத்தொண்ணு?"

"கெட்டி!"

மலையும் கூடச் சேந்து, கெட்டி... கெட்டின்னுச்சு. அப்போ அந்த மரம் உள்ளுக்குள்ள என்ன சொல்லிக்கிட்டிருந்துச்சு?

"தொம்."

ஆமா. தொம்.

அப்புறம் பங்குனில ஒரு காத்து. சடசடசடார்! தேன் எடுக்கப் போன சடையன்தான் மொதல்ல பாத்தான். மரம் முறிஞ்சு கெடக்குது, உள்ள மாவா உளுத்துப் போயிருக்கு. பொந்துக்குள்ள அம்மாவும் குஞ்சும்...

"செத்துப் போச்சா?"

ம்.

அப்போ மேல வூஷ், வூஷ், வூஷ்னு றெக்கைச் சத்தம். அப்பா இருவாச்சி, தொண்டை நெறைய அத்திப்பழம். பொந்து இருந்த எடத்தைச் சுத்திச் சுத்தி வருது. பக்கத்து மரத்துல உக்காந்து, ஒரு பழத்தை அலகு நுனிக்கு எடுத்து, வெறும் காத்துல நீட்டுது. மூணு நாள் வந்துச்சு. மூணு நாளும் சடையன் அங்கயே கெடந்தான்.

கீழ வந்து மேடத்துக்கிட்ட மரம் விழுந்ததைச் சொன்னான். தான் தட்டாததை மட்டும் சொல்லலை.

"காத்து தள்ளிருச்சு, நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? உங்க காதுக்குத் தப்பினது எதுவுமில்ல"ன்னாங்க.

நாலு அடி அடிச்சிருந்தாக்கூட வலிச்சிருக்காது. அது வலிச்சுது.

"ம்."

மறு மார்கழி. சடையன் பள்ளம் எறங்கி ஏறி, அந்த முறிஞ்ச அடிமரத்துக்கிட்ட போய் நின்னான். ஆறு அப்படியே ஓடுது.

"அண்ணே, நாப்பத்தொண்ணு காத்துல விழுந்ததுன்னு எழுதிக்கறேன். அடுத்ததுக்குப் போங்க!"

"எழுதாதீங்க அம்மிணி!"

"என்னண்ணே?"

"தட்டலை! மூணு வருசமா நான் தட்டவே இல்லை!"

மலை திருப்பிச் சொல்லுச்சு, தட்டலை... தட்டலை... தட்டலைன்னு.

"மேடம் திட்டினாங்களா?"

இல்லடா. அவன் அங்கயே நின்னான். அப்புறம் மேடம் இருந்த பக்கத்துலருந்து சத்தம் வந்துச்சு, "நாப்பத்திரெண்டு?" அவ்வளவுதான். 'அண்ணே' இல்ல.

சடையன் நாப்பத்திரெண்டுக்கிட்ட போயி டக். காதை வச்சுக் கேட்டு, டக். இன்னொரு தரம், டக். அப்புறந்தான் வாயைத் தொறந்தான்.

கதை மலை எறங்கிருச்சு. நீயும் கண்ணை எறக்கிக்கோ, தூங்கு.