வெளிக்கல்லூரி

"டைரக்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம்" என்றார் பூவலிங்கம்.

"எந்த வார்த்தை?" என்று கேட்டார் பேராசிரியை ஃபௌசியா.

பூவலிங்கம் விழித்தார். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றால் சிபாரிசு செய்யுங்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எந்த வார்த்தை என்று இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

அவர் நின்றுகொண்டேதான் பேசினார். எதிரே இருந்த ஒரே நாற்காலியில் பூனை படுத்திருந்தது.

பூனைக்கு சீனி என்று பெயர். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் இந்த அறைக்குள் நுழைந்து, நாற்காலியில் ஏறிச் சுருண்டது. நுழைவுத் தேர்வும் இல்லை, நேர்காணலும் இல்லை. அன்றிலிருந்து அது இந்தக் கல்லூரிப் பூனை.

பூவலிங்கத்துக்கு அந்தப் பூனையைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அவர் அரசாங்கக் கால்நடை மருத்துவர். மேல்படிப்புக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். சாலைக்கு இந்தப் பக்கம் ஃபௌசியாவின் மேலாண்மைக் கல்லூரி. விருப்பப்பட்டால் ஒரு பாடத்தை வெளிக்கல்லூரியில் படித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. ஒருவரும் சீந்தாத விதி. பூவலிங்கம் அதைத் தேடிப்பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார்.

எடுத்த பாடம், பேச்சுவார்த்தை நடத்தும் கலை. வியாழக்கிழமை சாயங்காலம். நடத்தியவர் ஃபௌசியா.

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு நாற்பத்திரண்டு. இப்படியும் அமையும்.

"நான் இங்கேயே முழுசா சேர்ந்துடணும் மேடம். நுழைவுத் தேர்வு எழுதிட்டேன், மார்க்கும் வந்துடுச்சு. உங்க ஒரு வார்த்தைதான் பாக்கி."

"அப்ப அந்தப் படிப்பு?"

"விட்டுடறேன்."

"வேலை?"

"அதையும்தான். விட்டாகணும்."

மனைவி செல்வராணியிடம் இதைச் சொன்னபோது, "உங்க இஷ்டம்" என்று ஒரே பதில் வந்தது. கல்யாணம் ஆனவர்களுக்கு அந்த இரண்டு சொல்லின் கனம் தெரியும்.

"இங்க என்ன குறை உங்களுக்கு? வாரா வாரம் வர்றீங்க, உக்கார்றீங்க."

"உக்கார்றேன் மேடம். ஆனா உள்ள இல்ல."

ஃபௌசியா பூனையின் காதைச் சொறிந்துவிட்டார். மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம்.

சொல்ல நிறைய இருந்தது.

வருகைப் பட்டியலில் அவர் பெயர் கடைசி. பெயருக்குப் பின்னால் 'வெ.க.' என்று இரண்டு எழுத்து. வெளிக்கல்லூரி. அவருடைய அப்பா சுடலையாண்டி, முன்னால் ஒரு 'சு' கொடுத்திருந்தார். இங்கே அப்பாவை யாரும் கூப்பிடுவதில்லை. பூவலிங்கம் வெ.க. என்றுதான் கூப்பிட்டார்கள்.

மற்றவர்கள் மேசையில் பெயர்ப்பலகை இருந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து. அவர் ஒரு வெள்ளைத்தாளை மடித்து, தன் பெயரைத் தானே எழுதி வைத்துக்கொண்டார். ஏசி காற்றுக்கு அது குப்புற விழும். எடுத்து வைப்பார். மறுபடியும் விழும்.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அதையும் சொல்லத்தான் வேண்டும். டாக்டர், டாக்டர் என்று மரியாதையாகத்தான் இருந்தார்கள். முதல் வாரம் குழு பிரிக்கச் சொன்னபோது பிரதீபன் என்ற பையன் சிரித்த முகமாக வந்து சொன்னான்.

"நாங்க ஏற்கெனவே குரூப் போட்டுட்டோம் டாக்டர். நீங்க எதுல வேணும்னாலும் வந்து உக்காந்துக்கோங்க."

பாவம், அன்பாகத்தான் சொன்னான். எதில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால் எதிலும் இல்லை என்றுதானே கணக்கு. அவன் அதை யோசித்திருக்க மாட்டான். பூவலிங்கம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தார்.

அதைவிட அந்த 'நாங்க'தான் அவரைக் குத்தியது.

தமிழில் இது ஒரு வசதி, ஒரு கொடுமை. 'நாம' என்றால் கேட்கிறவனும் உள்ளே. 'நாங்க' என்றால் கேட்கிறவன் வெளியே. கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்காது.

"எங்க பேட்ச்ல" என்பார்கள். "எங்க கேன்டீன்ல" என்பார்கள். "உங்க காலேஜ்ல எப்படி டாக்டர்?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். ஒருநாளாவது, ஒருத்தராவது, வாய் தவறியாவது 'நம்ம' என்று சொல்லிவிட மாட்டார்களா என்று அவர் காத்திருந்தார். பசித்தவன் அடுக்களைப் பக்கம் காதை வைத்திருப்பதுபோலக் காத்திருந்தார்.

"அவ்வளவுதான் மேடம். 'நம்ம'. அந்த ஒரு வார்த்தைதான் வேணும்" என்று முடித்தார். முடித்த பிறகு வெட்கமாக இருந்தது. நாற்பத்திரண்டு வயது மனிதர் கேட்கிற விஷயமா இது?

ஃபௌசியா சிரிக்கவில்லை.

"சரி. நம்ம, நாம இதையெல்லாம் இந்தக் கட்டடத்துல யார் சொல்றாங்க, யார்கிட்ட சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

பூவலிங்கம் போனார்.

அவருக்கு இந்த ஏக்கம் இன்று நேற்று வந்ததில்லை. இருபத்திரண்டு வயதில் இதே மாதிரி ஒரு கல்லூரிக்கு நேர்காணலுக்குப் போனார். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஏதோ ஒரு வேடிக்கை சொல்லித் தங்களுக்குள் சிரித்தார்கள். ஆங்கிலம் அவ்வளவு வேகமாக அவருக்குப் பிடிபடவில்லை. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இடம் கிடைக்கவில்லை. கிடைக்காததுகூட மறந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்ததுதான் மறக்கவில்லை.

இப்போதும் சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டு வேலியோரம் நிற்பார். எதிரே அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் மாடி மாடியாக விளக்கு எரியும். உள்ளே யாரோ கையை ஆட்டிப் பேசுவது தெரியும். சத்தம் வராது. மாடுகள் பின்னால் அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

காதைத் தீட்டிக்கொண்டு அவர் கேட்க ஆரம்பித்தார்.

இன்ஜினியரிங் முடித்து வந்தவர்கள், "நாங்க கணக்குல பாத்துக்குவோம்" என்றார்கள். காமர்ஸ் முடித்து வந்தவர்கள், "எங்களுக்கு அதெல்லாம் பழக்கம்" என்றார்கள். விடுதியில் இருந்தவர்களுக்கு ஒரு 'நாங்க'. வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு வேறொரு 'நாங்க'. பிரதீபனிடமே ஒருவன், "நாங்க ஊருக்குக் கெளம்பறோம்டா, நீ இருப்பதானே" என்று சொல்லிவிட்டுப் போனான். பிரதீபன் சரியென்று தலையாட்டிவிட்டு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் பூவலிங்கத்தின் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. ஏங்குகிறவனுக்குத் தன் பசி மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. அவருடைய சொந்தக் கல்லூரி மெஸ்ஸில் சாப்பிடும்போது, மேலாண்மைக் கல்லூரியை நினைத்துப் பழக்கதோஷத்தில், "எங்க காலேஜ்ல இதுக்கு வேற மாதிரி சொல்வாங்க" என்றார். மேசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் அவரோடு ஒரே தட்டில் அப்பளம் பிய்த்துத் தின்றவர்கள் அவர்கள். ஒருவர் மட்டும், "உங்க காலேஜ்ல சொல்வாங்க சார், உங்களுக்கென்ன" என்றார்.

அது இடக்கு. பூவலிங்கம் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார். உங்க காலேஜ். அன்று முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை.

மறுபடியும் ஃபௌசியாவின் அறைக்குப் போனார். நாற்காலியில் பூனை.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். ஒருத்தரும் சொல்லல."

"நீங்க?"

"நானா?"

"நீங்க சொன்னீங்களா?"

பூவலிங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மரியாதைக்காக அடக்கிக்கொண்டார்.

"நான் எப்படி மேடம் சொல்ல முடியும்? நான் வெளிக்கல்லூரி. எனக்கு அந்த உரிமை இருந்தா நான் ஏன் உங்ககிட்ட வந்து நிக்கறேன்?"

ஃபௌசியா ஜன்னல் பக்கம் பார்த்தார். சாலைக்கு அப்பால் வேப்பமரங்களும் ஓட்டுக் கொட்டகைகளும் தெரிந்தன. எத்தனையோ நாள் பார்த்திருப்பார். போனதில்லை.

"காலையில உங்களுக்கு எங்க வேலை?"

"ஆஸ்பத்திரியில மேடம். வெளிநோயாளிப் பிரிவு."

"சரி" என்றார். அவ்வளவுதான். டைரக்டரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வழக்கம்போல அமளிப்பட்டது. மாடும் கன்றும் ஒரு பக்கம், ஆடும் நாயும் இன்னொரு பக்கம். பூவலிங்கம் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு, ஒரு கறவை மாட்டின் வயிற்றுக்குள் கன்று எப்படிக் கிடக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, எதையோ கேட்கிறவர்போல இருப்பார். ஏக்கம், கண்ணாடிக் கட்டடம் ஒன்றும் அங்கே கிடையாது.

கண்ணைத் திறந்தபோது கொஞ்ச தூரத்தில் ஃபௌசியா நின்றிருந்தார்.

கையில் காய்கறிக் கூடை. அதன்மேல் துப்பட்டா கட்டியிருந்தது. துப்பட்டா மியாவ் என்றது.

அவர் வந்து வெகுநேரமாகியிருக்க வேண்டும். எந்த வரிசை என்று தெரியாமல் மாட்டு வரிசையில் நின்றிருக்கிறார். ஒரு ஜெர்சி மாடு வாலை வீசி அவர் புடவையில் கோலம் போட்டிருந்தது. ஆட்டைப் பிடித்திருந்த ஒரு அம்மா, "பூனைக்கு அந்தப் பக்கம்னு படிச்சவங்களுக்குத் தெரியாதா" என்று சத்தமாகவே கேட்டாள்.

ஃபௌசியா அந்தப் பக்கம் வந்தார். வந்தவர் அங்கே அறை வாசலில் நின்றுவிட்டார்.

வாசலில் கால் நனைக்க ஆழமில்லாத தொட்டி ஒன்று இருந்தது. கிருமி உள்ளே வராமலிருக்க அதில் ஊதா நிற மருந்துத் தண்ணீர். இங்கே வேலை செய்கிறவர்கள் குனிந்துகூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போவார்கள். ஃபௌசியா தண்ணீரைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். தாண்டுவதா, கழற்றுவதா, வேறு வழி உண்டா, யாரைக் கேட்பது என்று தெரியாமல் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டார். கையில் ஒரு துண்டுத்தாள் இல்லாமல் வகுப்பை ஆட்டிவைக்கிற மனுஷி, அங்கே ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பூவலிங்கத்துக்கு நெஞ்சு இளகிவிட்டது. அந்த நிற்பு அவருக்கு நன்றாகத் தெரிந்த நிற்பு.

உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்.

"மேடம், என்ன அங்கேயே நின்னுட்டீங்க? யோசிக்காதீங்க, செருப்போட அப்படியே மிதிச்சு வாங்க. நம்ம ஆஸ்பத்திரிதான்."

ஃபௌசியா மிதித்து வந்தார். செருப்பு ஊதாவாகிவிட்டது.

பூவலிங்கம் கை கழுவினார். சீனியை மேசையில் வைத்துக் கண் பார்த்தார், காது பார்த்தார், வாயைத் திறந்து பல் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சீனி இதையெல்லாம் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டது.

"பூனைக்கு ஒண்ணுமே இல்லையே மேடம்."

"இல்லதான்."

"பின்ன எதுக்கு இவ்வளவு தூரம்?"

"டைரக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீங்க. அது எப்படி இருக்கும்னு தெரியாம நான் போய் எப்படிச் சொல்றது? கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

பூவலிங்கத்துக்குப் புரியவில்லை.

"கேட்டுட்டேன்" என்றார் ஃபௌசியா. "வாசல்லயே."

பூவலிங்கம் வாசலைப் பார்த்தார். தொட்டியில் தண்ணீர் இன்னும் அலம்பிக்கொண்டிருந்தது. தான் என்ன சொன்னோம் என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பூனையைத் தூக்கிக் கூடையில் விடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஃபௌசியா கூடையை எடுத்துக்கொண்டார்.

"இப்ப நேரா டைரக்டர்கிட்டதான் போறேன். சொல்லட்டுமா?"

வெளியே ஒரு கன்று கத்தியது. ஆட்டுக்கார அம்மா தன் முறை வந்துவிட்டதென்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"வேண்டாம் மேடம்" என்றார் பூவலிங்கம். "ஆனா வியாழக்கிழமை கிளாசுக்கு வந்துடுவேன்."

"எந்தக் கிளாசுக்கு?"

"நம்ம கிளாசுக்கு."