முதுகும் முகமும்

குருவின் முகம் பார்த்துத்தான் வித்தை கற்க வேண்டும் என்றொரு நம்பிக்கை உலவுகிறது. இது பிழை. சான்றோர் உடனே தலையிட வேண்டிய பிழை. சிலம்பக் களத்தில் ஆசான் முதுகைக் காட்டித்தான் நிற்பார். அப்போதுதான் அவருடைய வலக்கை, பின்னால் நிற்பவருக்கும் வலக்கை.

இளம்பரிதி ஆசான் இணையத்தில் பாடம் போடத் தொடங்கியபோது மட்டும் முகத்தைக் காட்டினார். பார்க்க வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டுவது மரியாதையில்லை என்று நினைத்துவிட்டார்.

அந்தப் பாடங்களை வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் எஸ்தர்ராணி பார்த்தார். ஆசானைவிட வயதில் மூத்தவர். சிக்னல் கிடைக்கும் பாறைமேல் போனைச் சாய்த்துவைத்து, கண்ணாடி முன் நிற்பதுபோல் எதிரே நின்று பழகினார். கடைசிப் பாடமும் முடிந்ததும் கம்போடு பஸ் ஏறி, ஆசானின் பாளையங்கோட்டைக் களத்துக்கே வந்துவிட்டார். போட்டிக்குப் போகும் அணியில் ஓர் இடம் காலி. அன்றைக்குத் தேர்வு.

அவர் ஒரு சுற்றுச் சுற்றியதும் மூத்த சீடன் மருதப்பன் சிரித்தான்.

"யக்கா, எல்லாத்தையும் இடக்கையில சுத்துதீய. யாரைப் பார்த்துப் படிச்சிய?"

"ஆசானைப் பார்த்துதான்."

"போனை நம்புனா இப்படித்தான். இதை மறக்கவே ரெண்டு வருசம் ஆவும்."

எஸ்தர்ராணி கம்பைக் கீழே வைத்தார்.

"ஆசானே, நான் உங்க சிஷ்யையா, போனுக்குச் சிஷ்யையா? ஒண்ணு சொல்லிடுங்க. கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்."

ஆசான் மஞ்சள் கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

"மருதப்பா, ரெண்டு கம்பு நுனியிலயும் மஞ்சளைத் தடவு. அக்காவோட ஆடு."

நுனி பட்ட இடத்தில் மஞ்சள் ஒட்டும். அதுதான் புள்ளி.

மருதப்பன் பழக்கப்படி இடப்பக்கத்தைக் காத்தான். எஸ்தர்ராணியின் கம்பு வலப்பக்கம் வந்தது. வலது தோளில் மஞ்சள். சுதாரித்து நின்றான். மறுபடியும் வலது தோள்.

"ஒரே பக்கம் அடிச்சா எப்படிக்கா?"

"ஒரே பக்கம் காத்தா எப்படி தம்பி?"

ஆசான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினார். மருதப்பனைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு அவருடைய வலது தோளிலும் மஞ்சள்.

"தப்பாப் படிச்சவங்களுக்கா அணியில இடம், ஆசானே?" என்றான் மருதப்பன்.

ஆசான் மஞ்சளைத் துடைக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த குழந்தையை முதன்முதலாகத் தோளில் சாய்த்துக்கொண்டவரின் முகம்.

"உங்க எல்லாருக்கும் என் முதுகு மனப்பாடம்லே. என் முகத்தைப் பார்த்துப் படிச்சவங்க இவங்க ஒருத்தர்தான்."

பிறகு எஸ்தர்ராணியிடம் திரும்பினார்.

"அக்கா, அணியில அந்த இடம் உங்களுக்குத்தான். நாளைக்குப் பாடமும் நீங்க எடுங்க. போனை நான் பிடிக்கேன்."

எஸ்தர்ராணி கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார்.

அந்த வாரம் களத்துக் கொடியில் காய்ந்த சட்டைகளில் எல்லாம் வலது தோளில் மஞ்சள் கறை இருந்தது.