பதில் வராத வளைவு

“வழி ஊமையாப் போச்சுங்கம்மா. கால் எடுத்து வைக்கவே முடியல” என்றார் நாச்சிமுத்து.

கஞ்சியம்மா அவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றினாள்.

பெரியசுனைக் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒன்பது நாள் காட்டுமலையில் நடக்க வேண்டும். மூன்று நாள் நடந்தால் அவள் குடிசை வரும். பசித்தவருக்குக் கஞ்சி கொடுப்பாள். கேட்டால் பதிலும் கொடுப்பாள், ஆனால் பெரும்பாலும் வாயால் கொடுக்க மாட்டாள்.

நாச்சிமுத்துவுக்கு வயது அறுபத்தொன்று. அவளுக்கு நாற்பதுகூட இருக்காது. இருந்தாலும் அவள் முன்னால் அவர் தரையில்தான் உட்கார்ந்தார்.

“கூட்டாளி வரலீங்களா?”

“அதத்தான் சொல்ல வந்தேனுங்க. இருபத்திரண்டு வருஷமா சென்னியப்பன் முன்னால போவான், நான் பின்னால போவேன். வளைவு திரும்புனதும் ‘ஓய்’ம்பான். நான் ‘இருக்கறேன்’ம்பேன். அப்புறந்தான் அவன் அடுத்த அடி வைப்பான்.”

அந்த மலையில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. பின்னால் வருகிறவர் குரல் கொடுக்காமல் முன்னால் போகிறவர் நகரக் கூடாது.

“இப்ப அவருக்கு என்ன?”

“சர்க்கரையில ஒரு கால எடுத்துட்டாங்க. வீட்டோட கெடக்கறான்.”

“போய்ப் பாத்தீங்களா?”

“எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போறதுங்க? ரெண்டு காலோட போய் அவன் முன்னால நிக்கச் சொல்றீங்களா?”

“அவர் ஒண்ணும் சொல்லலியா?”

“பதினாலு மாசமா தெனமும் போன் போடறான். நான் எடுக்கறதில்ல.”

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

“ஆனா இங்க வந்தா, ஒவ்வொரு வளைவுலயும் அவன் குரலுக்கு ஏங்கிப்போய் நிக்கறேன். மூணு நாள் வழிக்கு ஆறு நாள் ஆயிருச்சு. அவனில்லாம கோயில் வரைக்கும் போய்ச் சேருவனான்னே தெரியல. இந்த ஏக்கம் தீர ஒரு வழி சொல்லுங்கம்மா.”

கஞ்சியம்மா மூலையில் கிடந்த கம்பை எடுத்தாள்.

“கஞ்சியக் குடிங்க. அடுத்த தங்கல் வரைக்கும் நானும் வர்றேன். நீங்க பின்னால வாங்க.”

வெளியே சாரல். அவள் விறுவிறுவென்று நடந்து பனிக்குள் மறைந்தாள்.

“ஓய்!”

“இருக்கறேன்” என்றார். பதினாலு மாதம் கழித்து அந்தச் சொல்லைச் சொன்னதில் உடம்பு சிலிர்த்துவிட்டது.

இரண்டாவது வளைவில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தார். ஆனாலும் சொல்லிவிட்டார்.

மூன்றாவது வளைவிலிருந்து “ஓய்” வந்தபோது வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். அப்பா செத்தபோதுகூட மனுஷன் அப்படி அழுததில்லை.

அரை மணி நேரம் போயிருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வேகமாக நடந்தார்.

வளைவைத் திரும்பியதும் கஞ்சியம்மா நின்றிருந்தாள். முழுக்க நனைந்திருந்தாள். இரண்டு பாதத்திலும் அட்டைகள் ஏறி, ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

“இன்னும் இங்கயேவா நிக்கறீங்க?”

“பதில் வரலீங்களே.”

“அட்டை கடிக்குதுங்களேம்மா. கொஞ்சம் நகந்து நின்னிருக்கலாமில்ல?”

“எப்படீங்க நகர்றது? நான் கூப்பிட்டுட்டேனே.”

நாச்சிமுத்து மடியிலிருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வோர் அட்டையின் மேலும் ஒரு சிட்டிகை உப்பு வைத்தார். ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. ஐந்தாவது அட்டையில் கை நின்றுவிட்டது.

“பதினாலு மாசமுங்க” என்றார்.

அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மிச்ச உப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். வந்த வழியே கீழே இறங்கத் தொடங்கினார்.

“கோயில் இந்தப் பக்கமுங்க” என்றாள் கஞ்சியம்மா.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வரும்போது ஆறு நாள் பிடித்த வழியை இரண்டே நாளில் இறங்கினார். அடிவாரத்து மொட்டைப் பாறைக்கு வந்தால்தான் சிக்னல் கிடைக்கும். அணைத்து வைத்திருந்த போனை அங்கே உயிர்ப்பித்து, சென்னியப்பனைக் கூப்பிட்டார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். மூச்சு மட்டும் கேட்டது.

அப்புறம், மெதுவாக: “ஓய்.”

“இருக்கறேன்டா.”



“எந்த வளைவுல?” என்றான் சென்னியப்பன்.