கோட்டை வாசலில் சிக்கிய மூட்டை

கிட்ட வந்து உட்காருங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்துங்கள், பிறகு புரியவில்லை என்று என்னைக் கேட்கக்கூடாது.

நெடுங்காலத்துக்கு முன்னால், ஆலஞ்சோலை என்ற நாட்டைத் தென்னவராயன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் களஞ்சியத்தில் ஒரு மூலை காலியானாலும் அவனுக்குச் சோறு இறங்காது.

சந்தை கோட்டைக்குள் கூடும். உள்ளே போகிற ஒவ்வொரு தலைச்சுமைக்கும் வாசலில் ஒரு நாழி தானியம் சுங்கம். மக்கள் முணுமுணுக்காமல் அளந்தார்கள்.

ஓர் ஆண்டு மழை பொய்த்தது. விளைச்சல் குறைந்தது, சுங்கமும் குறைந்தது. பதறிப்போன அரசன் நாழியைக் குறுணியாக்கினான். எட்டு மடங்கு! வந்தவர்களில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். இன்னும் பதறிக் குறுணியைப் பதக்காக்கினான். அதற்கும் இரட்டிப்பு!

சுமைக்குத்தானே சுங்கம்? பயறு வியாபாரி தையல்நாயகி தன் தெருவிலுள்ள சுமைகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டாள். ஆட்கள் கூட்டமாகத் தலைகொடுத்துத் தூக்கி வந்தார்கள். மூட்டை கோட்டை வாசலில் அடைத்துக்கொண்டது. தள்ளிப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், திட்டியும் பார்த்தார்கள். அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து அரசன் ஏரியைப் பார்வையிட்டுத் திரும்பினான். ஏரிக்கரை முழுக்க விரிசல். அந்தக் கவலையோடு வந்தவன் சொந்தக் கோட்டைக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று.

“யார் இப்படிக் கட்டியது?”

“நான்தான் அரசே. கட்ட வைத்தது உங்கள் சுங்கம்.”

“சுங்கம் இல்லாமல் கரையை எதை வைத்துக் கட்டுவேன்? அடுத்த மழைக்குக் கரை உடைந்தால் ஊரே மிதக்கும். வழி இருந்தால் சொல். இல்லாவிட்டால் மூட்டை களஞ்சியத்துக்கு!”

தெருக்காரர்கள் மூட்டையைச் சுற்றி நெருங்கினார்கள். அத்தனை பேர் பிழைப்பும் அந்த மூட்டையில் இருந்தது.

தையல்நாயகி சொன்னாள்: “சுங்கத்தைப் பழையபடி நாழியாக்குங்கள். களஞ்சியத்தில் மிச்சமுள்ள நெல்லைக் கரை கட்டுகிறவர்களுக்குக் கூலியாகக் கொடுங்கள்.”

“உள்ளதும் போய்விட்டால்?”

“எங்கே போகும்? கூலி வாங்கியவனுக்கு உப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும், துணி வேண்டும். நெல்லோடு சந்தைக்குத்தான் வருவான். வாங்க ஆள் வந்தால் விற்கவும் ஆள் வரும். எல்லாச் சுமையும் இந்த வாசல் வழியாகத்தானே போக வேண்டும்?”

சுங்கம் மறுபடி நாழியானது; மூட்டையைப் பிரித்துத் தனித்தனிச் சுமையாக உள்ளே கொண்டுபோனார்கள். அரசன் அரைமனதோடுதான் களஞ்சியத்தைத் திறந்தான். கரை உயர்ந்தது. கூலி நெல் சந்தைக்கு வந்தது. போன வியாபாரிகள் திரும்பி வந்தார்கள். நாழி நாழியாகக் களஞ்சியத்தில் நெல் சேர்ந்தது. பெருமழை கொட்டியபோது கரை அசையாமல் நின்றது. அப்பாடா!

மறு ஆண்டு அமோக விளைச்சல். அரசனுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. “இனி ஆலஞ்சோலையில் சுங்கமே கிடையாது!” என்றான். சந்தையே ஆரவாரித்தது.

தையல்நாயகி மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயையோ அரசே, இப்போதுதான் ஏற்ற வேண்டும்! நாழியை இரண்டு நாழியாக்குங்கள்.”

“உன் மூட்டைக்கும் சேர்த்துத்தான், தெரியுமா?”

“தெரியும் அரசே. இப்போது கொடுத்தால் எனக்கு வலிக்காது. மறுபடி மழை பொய்த்தால் கூலி கொடுக்க உங்களிடம் நெல் இருக்க வேண்டாமா?”

இரண்டு நாழியை முதலில் அளந்தவளும் அவள்தான்.

ஆகவே கேளுங்கள்: மக்கள் செழித்திருக்கும்போது வரியைக் கூட்டிச் சேர்த்து, அவர்கள் வாடும்போது குறைத்துக்கொண்டு, சேர்த்ததை அவர்களுக்கே செலவிடுவதுதான் நல்ல அரசு.