எத்தனை நிமிஷம் ஆனால் ஸ்டில்?

இதை நான் நேரில் பார்க்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு பேக்கரி மாடியில் நடந்த ஆங்கில வகுப்பில் படித்த ஒருவர் சொல்லக் கேட்டது. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். நான் எதையும் கூட்டவில்லை.

செசிலி சிஸ்டர் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நாற்பதைத் தாண்டியவர். ஆங்கிலம் சொல்லித்தந்த பெனாசிர் டீச்சர் அவரைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் டீச்சர் உள்ளே வந்தால் முதலில் எழுந்து நிற்பது சிஸ்டர்தான்.

அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவருக்கு வேலை தரச் சம்மதித்திருந்தது. ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும், அவ்வளவுதான். போன முறை தோற்றுவிட்டார். இந்த முறையும் தோற்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அவரைக் கவிழ்த்தவை மூன்று சின்ன வார்த்தைகள். ஸ்டில், யெட், ஆல்ரெடி. தேர்வாளர் நோயாளியின் சொந்தக்காரராக நடித்துக் கேள்வி கேட்பார். நோயைப் பற்றி, மருந்தைப் பற்றி எல்லாம் சிஸ்டருக்கு ஆங்கிலம் தடையில்லாமல் வரும். இந்த மூன்றில் ஒன்று தேவைப்படும் இடம் வந்தால் வாய் அப்படியே நின்றுவிடும். தமிழில் ‘இன்னும் நடக்குது’, ‘இன்னும் முடியல’ என்று ஒரே ‘இன்னும்’ இரண்டுக்கும் போதும். ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை கேட்கிறது.

எதையும் மணி பார்த்துச் செய்தே பழகியவர் என்பதால் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் ஆல்ரெடி. நிறைய ஆகியிருந்தால் ஸ்டில். நடுவில் யெட். கணக்கில் எங்கோ இடித்தது. ஒருநாள் வகுப்பில் எழுந்து கேட்டே விட்டார்.

“டீச்சர், எத்தனை நிமிஷம் ஆனா ஸ்டில் போடணும்?”

வகுப்பு சிரித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கோகுல், “சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னும் கேட்டுக்கங்க சிஸ்டர்” என்றான்.

டீச்சர் சிரிக்கவில்லை. நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தார். சிஸ்டரின் கைக்கடிகாரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து தட்டினார்.

சிஸ்டர் கதவைத் திறந்தார். பழக்கதோஷத்தில் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.

டீச்சர் கதவை மறுபடி சாத்தினார். மறுபடி தட்டினார்.

இந்த முறை பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. வாசலில் நிற்பவளின் முகம்தான் இருந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, பிள்ளையை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு நிற்கும் ஒரு தாயாக நின்றார் டீச்சர். முடிந்துவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரல் பாதியில் கம்மியது.

“நாட் யெட்மா” என்றார் சிஸ்டர். யோசிக்கவே இல்லை.

இப்போதும் வகுப்பு சிரித்தது. ஆனால் ‘மா’வுக்குத்தான்.

“இன்னைக்கு இவ்வளவு போதும்” என்று டீச்சர் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். விளக்கம் ஏதாவது வரும் என்று சிஸ்டர் மாடிப்படிவரை பின்னாலேயே போனார். வரவில்லை.

தேர்வு நாளில் தேர்வாளர் ஓர் அப்பாவாக நடித்தார். மகனுக்கு உள்ளே குடல்வால் அறுவை நடக்கிறது, இவர் வாசலில் நிற்கிறார். ஏன் இவ்வளவு நேரம், டாக்டர் ஏன் வெளியே வரவில்லை, எதையாவது மறைக்கிறீர்களா என்று அடுக்கிக்கொண்டே போனார். சிஸ்டரின் கண் தன்னால் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. பாதி வழியில் அதை இழுத்து அவர் முகத்தில் நிறுத்தினார். பிறகு பேசினார். நிற்காமல் பேசினார்.

தேறிவிட்டார். நல்ல மதிப்பெண். கீழே பேக்கரியில் இருந்த கிரீம் பன் அத்தனையும் மாடிக்கு வந்தது. கோகுல் இரண்டு எடுத்துக்கொண்டு, அயர்லாந்தில் தனக்கும் ஒரு வேலை பார்க்கச் சொன்னான். முதலில் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று முடிவு பண்ணு, பார்க்கலாம் என்றார் சிஸ்டர். வகுப்பே கைதட்டியது.

சத்தம் அடங்கியதும் சிஸ்டர் டீச்சரிடம் மெல்ல வந்தார்.

“டீச்சர், பாஸ் பண்ணிட்டேன், சரி. ஆனா அன்னைக்கு அவர்கிட்ட அந்த மூணுல எதைச் சொன்னேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. தப்பாக்கூடச் சொல்லியிருப்பேன்.”

“நீங்க சொன்னதும் அவர் என்ன பண்ணார்?”

சிஸ்டர் யோசித்தார். “அதுவரைக்கும் நின்னுட்டே இருந்தார். அப்புறம் உக்காந்துட்டார்.”

“அப்ப அதுதான் சிஸ்டர் சரியான வார்த்தை.”

இதை எழுதுவதற்கு முன் செசிலி சிஸ்டரிடமே பேசி விசாரித்துக்கொண்டேன். அவர் அயர்லாந்தில்தான் இருக்கிறார். தியேட்டர் வாசலில் காத்திருப்பவர்களிடம் பேச அங்கே அவரைத்தான் அனுப்புகிறார்கள்.