மற்றவை என்ற குழி

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குத் தங்கள் நோய்களின் பெயர் தெரியும். வலித்தால் வைத்தியரிடம் போய்ச் சொல்லும். மரத்தடியில் வாழ்பவற்றுக்கு மந்தி வைத்தியம் பார்த்தது. வளைகளில் வாழ்பவற்றுக்கு உடும்பு. புல்வெளிக்கு எருமை.

ஒரு கோடையில் குளங்கள் வற்றி, ஒரே ஒரு ஏரி மிஞ்சியது. எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. காட்டுப்பன்றி ஒன்றுக்குக் காய்ச்சல். மூன்று வைத்தியர்களும் மூன்று பெயர் சொல்லி மூன்று மருந்து கொடுத்தார்கள். மூன்றையும் தின்ற பன்றி, "காய்ச்சல் இருக்கிறது. நான் இருப்பேனா என்றுதான் தெரியவில்லை" என்றது. இரண்டாம் நாள் செத்தது.

பெயர்களை ஒன்றாக்கும் வேலை நாரையிடம் வந்தது. காய்ந்த சேற்றில் அது அலகால் எழுதியது. ஒரே நோய்க்கு இருந்த மூன்று பெயர்களை ஒன்றாக்கியது. ஒருவரிடம் மட்டும் இருந்த பெயர்கள் எதனோடும் சேரவில்லை. அவற்றுக்காக ஓரத்தில் ஒரு குழி தோண்டி, 'மற்றவை' என்று பெயர் வைத்தது.

"விழிமங்கல் நோயை அதில் தள்ளாதே," என்றது மந்தி. "மான்குட்டிகளுக்கு வருவது. நெல்லிப்பட்டைச் சாறு அன்றைக்கே கொடுக்க வேண்டும்."

"உங்களிடம் மட்டும்தானே இருக்கிறது? உடும்பண்ணன் கேள்விப்பட்டதே இல்லையாம்."

"அவர் மரத்தடிக்கு என்றைக்கு வந்தார்?"

"ஆளுக்கு ஒன்று இப்படிச் சொன்னால் நான் எப்போது முடிப்பது, மந்தியக்கா? பன்றியை மறந்துவிட்டீர்களா?"

பன்றி தின்றதில் மந்தியின் மருந்தும் ஒன்று. மந்தி மரமேறிப் போனது. நாரை அந்தப் பெயரை அழித்தது.

பட்டியல் ஒன்றானதும் எல்லா விலங்குகளுக்கும் வாரம் ஒருவர் வைத்தியம் பார்ப்பது என்றானது. மறுவாரம் உடும்பின் முறை. புள்ளிமான் ஒன்று தன் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. குட்டி பால் குடிக்கவில்லை. கண் திறக்கவில்லை.

"விழிமங்கல், அண்ணா. ஏதோ பட்டைச் சாறு தருவார்கள்."

உடும்பு சேற்றில் தேடியது. "அப்படி ஒன்று இல்லையே, தாயி."

"மந்திக்குத் தெரியும்."

"மந்தி அக்கரையில். பட்டியலில் இல்லாததற்கு மருந்து தரக்கூடாது, பன்றிக்குப் பிறகு அப்படித்தான் பேச்சு. மற்றவையில் போய் இரு."

"அங்கே யார் வந்து பார்ப்பார்கள்?"

"அதை எழுதவில்லை."

மான் குழியோரம் நின்றது. சேதி கேட்டு மந்தி பட்டையோடு வந்து சேர்ந்தபோது, மான் குளிர்ந்துபோன குட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே."

"பெயர் சொன்னேன். இல்லை என்றார்கள்."

நாரை விழிமங்கலை மறுபடி எழுதிவைத்தது. மழை வந்த பின் மானுக்கே உடம்பு நடுங்கியது. நாரை எதிரே வந்து, "என்ன செய்கிறது?" என்று கேட்டது.

"ஒன்றுமில்லை," என்று மான் புதருக்குள் போனது. மற்ற விலங்குகள் பார்த்துக்கொண்டு நின்றன.

அன்று முதல்தான் நோய் கண்ட விலங்கு கூட்டத்தை விட்டு விலகி, மறைவில் தனியாகப் படுத்துக்கொள்கிறது. எங்கே வலிக்கிறது என்று யாரிடமும் சொல்வதில்லை.