காக்கா எடுக்காத சோறு

எங்கள் மடத்துச் சமையல்கட்டில் நான் கரண்டி பிடித்த காலம். சாமிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஐயாறப்பன் வாத்தியாருக்கோ அறுபத்தாறு. கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என்ன மனுஷன்! சாம்பாரில் உப்புக் கம்மி என்பதைக்கூட மூன்று காரணம் காட்டித்தான் சொல்வார். இப்போது அப்படிச் சொல்ல ஆளில்லை. மனசு கிடந்து ஏங்குகிறது.

அவருக்குத் தீட்சை என்று ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் காலை பெட்டியோடு சாமி முன்னால் வந்து நின்றார்.

"ஒரு வருஷமா யோசிச்சுப் பார்த்துட்டேன் சாமி. கடவுள் உண்டுங்கிறதுக்கு ஒவ்வொரு வாதமா எடுத்தேன். எல்லாத்துலயும் ஓட்டை. நம்பாம தீட்சை வாங்கினா அது பொய். ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்புறேன்."

"சரி. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் சாமி.

அன்று வாத்தியார் சம்சாரம் தையல்நாயகி அம்மாளின் திதி. அந்தம்மாவுக்குப் பிடிக்கும் என்று வாழைக்காய் வறுவல் பண்ணச் சொல்லியிருந்தார்.

"அவ காக்காவுக்குச் சோறு வெக்கறப்பல்லாம், 'உங்கப்பா பறந்து வர்றாரா?'ன்னு கேலி பண்ணுவேன் தம்பி. ஒரு நாளும் கோவிச்சுக்க மாட்டா" என்றார்.

இலையில் சோறும் வறுவலும் எடுத்துப்போய்ப் பின்பக்க மதில்மேல் வைத்தார். "கா... கா..." என்று கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை.

"ஐயா, அடுத்த தெருவுல கல்யாணம். காக்கா பூரா எச்சில் இலையில கிடக்கும். நீங்க வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.

"தெரியும் தம்பி. வயிறு ரொம்பின காக்கா எதுக்கு வரும்?" என்றார். சொன்னாரே தவிர, இடத்தை விட்டு நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, இன்னும் இரண்டு கை வறுவல் வாங்கிப்போய் வைத்தார். "அவளுக்கு இப்பத்தான் கோபம் வந்திருக்கு போல" என்று முனகினார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டரை மணிக்குச் சாமி பின்பக்கம் வந்தார். வெயிலில் வாத்தியார் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"இன்னும் சாப்பிடலையா?"

"காக்கா எடுக்கலையே சாமி. எப்படிச் சாப்பிடுவேன்?"

சாமியும் மதிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பஸ்ஸையும் விட்டுட்டு, இந்நேரம் வரைக்கும் பட்டினியா உட்கார்ந்திருக்கீங்களே, எந்த வாதத்தை நம்பி வாத்தியாரே?"